புது விறகு அடுப்பைப் பழக்குவது: மூன்று நாளா, ஒரே நாளா, வாசலில் வைத்தா?

தென் ஆப்பிரிக்காவில் ஆடிக் கூழ் ஊற்றுகிற நாட்கள் குளிர்காலத்தில் வந்து விழுகின்றன. லெனேசியாவில் விடியற்காலைப் புல்லில் உறைபனி படிந்திருக்கும். பீட்டர்மாரிட்ஸ்பர்க் பள்ளத்தில் இரவுப் புகை வெயில் ஏறிய பிறகே கலையும். நாட்டிங்ஹாம் ரோடு என்ற ஊர்ப் பக்கம் சில வருடம் பனியே பொழியும். குளிர் எலும்பைத் தொட்ட பிறகுதான் பல வீடுகளில், கூடத்தைச் சூடாக்கும் புகைக்குழாய் வைத்த இரும்பு விறகு அடுப்பு நினைவுக்கு வருகிறது. பொருத்துகிற ஆள் மாலை நாலு மணிக்கு வேலை முடித்துக் கிளம்புவார். ஆறு மணிக்கு வீட்டுக்காரர்கள் அடுப்பு நிறைய விறகு போட்டுக் கொளுத்துவார்கள். ஏழு மணிக்குக் கூடம் முழுக்கப் பெயிண்ட் நெடி, கண் எரிச்சல், புகை அலாரத்தின் அலறல். எல்லா ஜன்னலையும் திறந்துவைத்துவிட்டுப் போர்வைக்குள் உட்கார வேண்டியதுதான்.

நெடியாவது போய்விடும். அவசரத்தில் பிளந்த செங்கல்லும், கொப்புளித்த பெயிண்ட்டும், வார்ப்பில் விழுந்த கீறலும் போகாது. புது அடுப்பை முதல் சில தீயில் நிதானமாகச் சூடேற்றிப் பழக்கித்தான் ஆக வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை; எப்படிப் பழக்குவது என்பதில்தான் ஆளுக்கொரு பேச்சு. மூன்று நாள் சின்னச் சின்னதாகத் தீ மூட்டு என்கிறார் ஒருவர். ஒரே நாளில் படிப்படியாகச் சூடேற்றி முடித்துவிடு என்கிறார் இன்னொருவர். வாசலில் வைத்து எரித்துவிட்டு உள்ளே கொண்டுவா என்பவர்களும் உண்டு. மூன்றுமே சரியான வழிகள்தான், ஆனால் ஒரே அடுப்புக்கு அல்ல. உங்கள் அடுப்பு எதனால் ஆனது என்பதை முதலில் பாருங்கள். வழிமுறை அதிலிருந்துதான் வரும்.

முதல் தீயில் உள்ளே என்ன நடக்கிறது

மூன்று காரியங்கள் ஒன்றாக நடக்கின்றன. மூன்றும் மூன்று வேகத்தைக் கேட்கின்றன.

முதலாவது பெயிண்ட். கறுப்பாக, மங்கலாக இருக்கும் அடுப்புகளில் பூசியிருப்பது சிலிகான் ரெசின் சேர்ந்த வெப்பப் பெயிண்ட். தொழிற்சாலையிலிருந்து வரும்போது அது தொட்டால் ஒட்டாத அளவுக்கு உலர்ந்திருக்குமே தவிர, இறுகியிருக்காது. சூடு ஏறும்போது முதலில் இளகும், பிசுபிசுக்கும், பிறகு புகைவிடும். தட்டின் மேற்பரப்பு சுமார் 230 டிகிரி செல்சியஸைத் தாண்டிக் கொஞ்ச நேரம் நின்ற பிறகுதான் கெட்டியாகும். ஆக, பெயிண்ட் கடைசியில் கேட்பது நல்ல சூடு.

இரண்டாவது ஈரம். உள்ளே அடுக்கியிருக்கும் தீச்செங்கல், வெர்மிகுலைட் என்ற சூடு தாங்கும் கனிமத்தாலான இலேசான பலகை, குழாய் இணைப்பில் அப்பிய ஃபயர் சிமென்ட் என்ற சூடு தாங்கும் பூச்சு, அடுப்புக்கு அடியில் கட்டிய மேடை எல்லாவற்றிலும் தண்ணீர் ஒளிந்திருக்கிறது. தண்ணீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 1,600 மடங்கு பெருகும். நுண்துளை வழியாக மெதுவாக வெளியேற நேரம் கொடுத்தால் ஒன்றும் ஆகாது. கொடுக்காவிட்டால் அது செங்கல்லின் முகத்தைச் சில்லு சில்லாகப் பெயர்த்துக்கொண்டு வெளியே வரும். இது கேட்பது நிதானம், குறிப்பாக 100 டிகிரியை ஒட்டிய கட்டத்தில்.

மூன்றாவது உலோகம். 60 செ.மீ. நீளமுள்ள இரும்புத் தகடு 200 டிகிரி சூடேறினால் ஒன்றேகால், ஒன்றரை மில்லிமீட்டர் நீளும். தகட்டு எஃகு இதை வளைந்து கொடுத்துச் சமாளித்துவிடும். வார்ப்பிரும்பு வளையாது. நடுப்பகுதி கொதிக்க, ஓரம் குளிர்ந்திருந்தால் அது வெடித்துத்தான் தன் இறுக்கத்தைத் தீர்த்துக்கொள்ளும். அதற்கு வேண்டியது சீரான ஏற்றமும், ஒவ்வொரு தீக்கும் நடுவே அடுப்பு முழுக்க ஆறுவதும்.

மூன்று நாள் வழி

வார்ப்பிரும்பு அடுப்பு, கனமான தீச்செங்கல் அடுக்கிய அடுப்பு, எனாமல் பூசிய அடுப்பு, சோப்புக்கல் பதித்த அடுப்பு ஆகிய நான்கிற்கும் இதைத்தான் நாங்கள் சொல்வோம். 5 முதல் 8 கிலோவாட் வரையுள்ள வீட்டு அடுப்பை மனதில் வைத்து அளவுகளைத் தருகிறோம். உங்கள் அடுப்போடு வந்த கையேடு வேறு அளவு சொன்னால் கையேடே சரி, உத்தரவாதம் அதன்படிதான்.

முதல் நாள் மூன்று தாள் செய்தித்தாளும், கட்டைவிரல் தடிமனில் உலர்ந்த சுள்ளி முக்கால் கிலோவும் போதும். காற்றுத் திறப்புகளை முழுக்கத் திறந்துவையுங்கள். கதவைத் தாழிடாமல் ஒரு விரல் இடைவெளி விடுங்கள். அப்படி விட்டிருக்கும் வரை அடுப்பை விட்டு நகரக்கூடாது. கதவைச் சுற்றியிருக்கும் கண்ணாடிநார்க் கயிறு இளகிய பெயிண்ட்டோடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான் இந்த இடைவெளி. இறுகச் சாத்திவிட்டு மறுநாள் திறந்தால், கயிறு பெயிண்ட்டை உரித்துக்கொண்டு வரும், அல்லது காடியிலிருந்து கயிறே பிடுங்கிக்கொண்டு வரும். மேல்தட்டு 100 முதல் 120 டிகிரிக்குள் அரை மணி நேரம் இருந்தால் முதல் நாள் வேலை முடிந்தது. தீயைத் தானாக அணைய விடுங்கள். கை வைத்தால் அறைச் சுவர் போலக் குளிர்ந்திருக்க வேண்டும். அதற்கு ஓர் இரவு ஆகும்.

இரண்டாம் நாள் ஒரு கிலோ சுள்ளி, மணிக்கட்டுத் தடிமனில் பிளந்த விறகு இரண்டு. 150 முதல் 180 டிகிரியில் ஒரு மணி நேரம். நெடி தொடங்குவது இந்தத் தீயில்தான். மறுபடி முழுக்க ஆற விடுங்கள்.

மூன்றாம் நாள் இரண்டரை, மூன்று கிலோ விறகு. 230 முதல் 260 டிகிரி வரை ஏற்றி முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் நிறுத்துங்கள். மேல்தட்டிலிருந்து நீலப்புகை எழும். அது தானாக நிற்கும் வரை தீயைக் குறைக்க வேண்டாம்.

வார்ப்பிரும்பானால் இரண்டாம் நாள் தீயை இன்னும் ஒன்றிரண்டு முறை திருப்பிப் போட்டுவிட்டுப் பிறகு மூன்றாவதுக்குப் போகலாம். எனாமல் அடுப்பில் நெடி குறைவு, ஏனென்றால் பூச்சு சூளையிலேயே சுட்டு வந்தது. ஆனாலும் அவசரப்பட்டால் அதில் மயிர்க்கோடு போல வெடிப்பு ஓடும்.

மூன்று நாள் வழியின் உண்மையான குறை நேரம் அல்ல. மூன்றாவது தீயைப் பலர் போடுவதே இல்லை. இரண்டு நாள் சின்னத் தீ மூட்டிப் பார்த்து, நெடி பெரிதாக இல்லையே என்று திருப்திப்பட்டு, அடுப்பு பழகிவிட்டது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். உண்மையில் ஈரம் மட்டுமே போயிருக்கிறது. பெயிண்ட் பச்சையாகவே இருக்கிறது. ஜூலையில் ஒரு கடுங்குளிர் இரவில், ஜன்னலெல்லாம் சாத்தி, வீடு நிறைய உறவுக்காரர்கள் இருக்கும்போது அடுப்பை முதல்முறையாக முழு வேகத்தில் ஓட்டுவார்கள். அன்றைக்கு வரும் அந்த நெடி. மெதுவாகச் செய்வது பாதி வேலைதான், கடைசியில் ஒரு சூடான தீ இல்லாமல் அடுப்பு பழகாது.

ஒரே நாள் வழி

உள்ளே வெர்மிகுலைட் பலகை பதித்த, பற்றவைத்த எஃகுத் தகட்டு அடுப்புக்கு இதுவே மேல் என்பது எங்கள் தீர்ப்பு. மின்வெட்டுக் காலத்தில் இங்கே ஏராளமாக விற்ற கதவு வைத்த நவீன அடுப்புகளில் பல இந்த வகைதான். எஃகு வெடிக்காது, பலகையில் ஈரம் சொற்பம். ஆகவே இதில் கவனிக்க வேண்டியது பெயிண்ட் ஒன்றுதான். பெயிண்ட்டை ஒரே மூச்சில் மூன்று படியாக ஏற்றினால், இளகும் கட்டத்தை அது ஒரே ஒரு முறை கடந்துவிடும். நெடியும் ஒரு நாளோடு போகும்.

காலை ஒன்பதுக்குத் தொடங்குங்கள். சுள்ளியால் 120 டிகிரிக்குக் கொண்டுவந்து அரை மணி நேரம் அங்கேயே பிடித்துவைக்க வேண்டும். பிறகு இரண்டு சின்ன விறகு வைத்து 200 டிகிரிக்கு ஏற்றி இன்னொரு அரை மணி. கடைசியில் நல்ல விறகு மூன்று வைத்து 260 டிகிரியில் முக்கால் மணி நேரம். அதன்பின் விறகு போடாமல், காற்றைத் திடீரென அடைக்காமல், தானாக ஆற விடுங்கள். மொத்தம் ஐந்தாறு கிலோ விறகு செலவாகும். அன்றைக்கு அரை நாள் ஒருவர் அடுப்பு முன்னாலேயே இருக்க வேண்டும். ஈஸ்டர் நீள்விடுமுறை இதற்குத் தோதான காலம். பெரிய வெள்ளியன்று இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலுக்குப் போகிற வீடுகள் வேறு நாள் பார்த்துக்கொள்ளட்டும், எரிகிற அடுப்பை விட்டுவிட்டுக் கிளம்ப வேண்டாம்.

சூட்டைப் பிடித்துவைப்பதில்தான் இந்த வழி சறுக்கும். விறகு நன்றாகப் பற்றிவிட்டால் பத்து நிமிடத்தில் 100 டிகிரி ஏறிவிடும். 120-இல் நிற்க வேண்டியது 220-க்குப் பாய்ந்தால் பெயிண்ட்டுக்குள் இருக்கும் கரைப்பான் கொதித்துக் கொப்புளம் விடும். ஒரு கையளவு சுள்ளியாகப் போட்டுக்கொண்டே இருப்பதுதான் வழி. மொத்தமாகத் திணிக்கக் கூடாது. மீறி ஏறினால் காற்றுத் திறப்பைக் குறைத்துக் காத்திருங்கள். தண்ணீர் தெளிப்பது கூடவே கூடாது: கண்ணாடியும் வார்ப்பும் அதில்தான் வெடிக்கும்.

சூட்டை அளக்காமல் இந்த வழியில் இறங்க வேண்டாம். காந்த வெப்பமானி மலிவு. ஆனால் இங்கே பொருத்தப்படும் குழாய்கள் பெரும்பாலும் துருப்பிடிக்காத எஃகு; அதில் பல ரகங்களில் காந்தம் ஒட்டாது. அடுப்பின் மேல்தட்டில்தான் வைக்க முடியும். வைத்த இடத்தில் இளகிய பெயிண்ட்டில் வட்டமாகத் தடம் பதியும் என்பதால் முன்பக்கம் வேண்டாம், பின்மூலையில் வையுங்கள். இதைவிடத் துப்பாக்கி போல நீட்டி அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானி நல்லது. கறுப்புத் தட்டில் அது சரியாகக் காட்டும். பளபளக்கும் குழாயில் காட்டும் எண்ணை நம்பக் கூடாது. உள்ளதைவிட மிகக் குறைவாகக் காட்டும்.

வாசலில் வைத்து எரிப்பது

கேட்க அருமையாக இருக்கும்: நெடியெல்லாம் தெருவோடு போகும், வீடு சுத்தமாக இருக்கும். குழந்தைக்கு மூச்சிரைப்பு உள்ள வீட்டில், அடுப்பு இரண்டு பேர் தூக்கும் எடையுள்ள எஃகு அடுப்பாக இருந்தால், இது நியாயமான தேர்வுதான். சிமென்ட் தரையில் செங்கல் அடுக்கி, அதன்மேல் அடுப்பை மட்டமாக வைத்து, இரண்டு மீட்டர் குழாயாவது மாட்டி, காற்றில்லாத நாளில் ஒரே நாள் வழிப்படி ஏற்றலாம்.

தொல்லைகள் நிறைய. இரண்டு மீட்டர் குழாய் சரியாகப் புகையை இழுக்காது. 260 டிகிரியைத் தொடவே திணறும். காற்று ஒரு பக்கம் அடித்தால் அந்தப் பக்கம் இறுகாமலே நிற்கும். அடுப்பு முழுக்க ஆறாமல் தூக்கினால் விரல் ரேகை பெயிண்ட்டில் அப்படியே பதியும். எல்லாம் முடிந்து உள்ளே பொருத்தினாலும் குழாய்ப் பெயிண்ட், இணைப்பில் அப்பிய சிமென்ட், புதுக் குழாயில் படிந்த எண்ணெய்ப் படலம் எல்லாம் பாக்கி. அவற்றுக்காக உள்ளே இன்னொரு தீ எப்படியும் வேண்டும். உத்தரவாதம், முறையாகப் பொருத்தாமல் எரித்ததை ஒப்புக்கொள்ளுமா என்று கடையில் முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். வார்ப்பிரும்பு அடுப்பை இப்படிச் செய்யவே வேண்டாம். தகடுகளைச் சிமென்ட் வைத்து இணைத்த அடுப்பைச் சுட்டபிறகு தூக்கி நகர்த்தினால் இணைப்பு விட்டுப்போகும்.

நாலாவதாக, பொருத்துகிற ஆளையே கொளுத்தச் சொல்வது. பெரும்பாலும் அது புகை இழுக்கிறதா என்று பார்க்கும் சோதனைத் தீ மட்டுமே. அதுவும் அவசியம்தான், குழாய் இணைப்பில் புகை கசிகிறதா என்று அவர் இருக்கும்போதே பார்த்துவிடலாம். ஆனால் அதைச் சுள்ளித் தீயாகப் போடச் சொல்லுங்கள். ஃபயர் சிமென்ட் பூசிய அன்றே பெரிய தீ என்றால் மறுத்துவிடுங்கள். அது 24 மணி நேரம் காய வேண்டும். செங்கல் மேடை புதிதாகக் கட்டியிருந்தால் மூன்று நாலு வாரம் பொறுப்பது நல்லது.

எதைத் தேர்ந்தெடுப்பது

அடுப்பின் பக்கவாட்டில் விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். மெல்லிய தகட்டு ஒலியும் பற்றவைப்புத் தையலும் இருந்தால் எஃகு. பூ வேலைப்பாடும், தடித்த ஓரமும், போல்ட் போட்ட இணைப்பும் இருந்தால் வார்ப்பு. எஃகு உடலில் வார்ப்புக் கதவு மட்டும் இருப்பதும் உண்டு. அதை எஃகு என்றே கொள்ளலாம், ஏற்றத்தை மட்டும் கொஞ்சம் நிதானமாக்குங்கள். எஃகு உடலுக்குள் தடித்த தீச்செங்கல் அடுக்கியிருந்தால் இரண்டையும் கலக்கலாம். முதல் நாள் மாலை ஈரம் போக ஒரு சுள்ளித் தீ, மறுநாள் படிப்படியான முழு ஏற்றம். தென் ஆப்பிரிக்க வீடுகளில் உள்ள பல அடுப்புகளுக்கு இந்த இரண்டு நாள் கலப்பே சரியாக அமையும்.

டர்பன் கடலோரத்தில் கிடங்கில் நின்ற அடுப்பு என்றால் எந்த வகையானாலும் ஒரு சுள்ளித் தீயைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஈரக்காற்றைச் செங்கலும் பலகையும் உறிஞ்சி வைத்திருக்கும். சாம்பல் தட்டின் அடியில் மெல்லிய துரு இருந்தாலும் அதுதான் காரணம். எஃகுப் பஞ்சால் தேய்த்துவிட்டு, அந்த அடுப்புக்குரிய பெயிண்ட்டை ஒரு கை பூசி, உலர்ந்த பிறகு தீ மூட்டலாம்.

பின்னால் தண்ணீர் காய்ச்சும் கலம் உள்ள அடுப்பானால் எல்லா வழிக்கும் முன்னால் ஒரு நிபந்தனை உண்டு. கலத்திலும் குழாயிலும் தண்ணீர் நிரம்பியிருப்பதைப் பார்க்காமல் ஒரு தாள்கூடக் கொளுத்தாதீர்கள். வெறும் கலம் பழுதாகும். சூடேறிய வெறும் கலத்தில் பிறகு தண்ணீர் பாய்ந்தால் அது உயிருக்கே ஆபத்து.

தோசைக்கல்லைப் பழக்குவது போல எண்ணெய் தடவலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பெயிண்ட் அடித்த இரும்பில் எண்ணெய் உள்ளே இறங்காது, கருகிப் பிசுக்காகி நிற்கும், இறுகாத பெயிண்ட்டையும் கெடுக்கும். சமையலுக்கான பழைய மாதிரி அடுப்புகளில் மேலே பெயிண்ட் இல்லாத வெறும் வார்ப்புத் தட்டு இருக்கும். அதற்கு மட்டும், தீ அணைந்து தட்டு வெதுவெதுப்பாக இருக்கும்போது, துணியில் ஒரு சொட்டு எண்ணெய் எடுத்துத் துடைக்கலாம். பழக்கும் நாட்களில் கெட்டில், சட்டி எதையும் மேலே ஏற்ற வேண்டாம்.

விறகும் மூட்டும் விதமும்

பழக்குவதற்கு வேண்டியது இலேசான, உலர்ந்த, சீக்கிரம் எரிந்து தீரும் விறகு. குவாசுலு-நட்டாலில் எங்கும் கிடைக்கும் கறுப்பு வாட்டில் என்ற மரத்தின் விறகு இதற்கு நன்றாக ஒத்துவரும். 1860-இல் ட்ரூரோ கப்பல் நம் ஆட்களை ஒப்பந்தக் கூலிகளாக டர்பனில் இறக்கிய நாலே வருடத்தில், 1864-இல், ஆஸ்திரேலியாவிலிருந்து நட்டாலில் உள்ள கேம்பர்டவுனுக்கு விதையாக வந்த மரம் அது. தோல் பதனிடும் பட்டைக்காக வளர்த்தார்கள்; இன்றைக்கு ஆற்றங்கரையெல்லாம் பரவி நிற்கும் ஆக்கிரமிப்பு மரம். வெட்டி எரிப்பதில் யாருக்கும் வருத்தமில்லை. சுலபமாகப் பிளக்கும், சீராக எரியும். ஆறு மாதமாவது பிளந்து காயவைத்ததாக இருக்க வேண்டும். யூக்கலிப்டஸ் அதைவிட நீண்ட நாள் காய வேண்டும்.

செக்கல்போஸ் என்று மூட்டையில் விற்கும் கட்டையைப் பழக்குவதற்குத் தொடாதீர்கள். தமிழ்நாட்டுக் காடுகளில் விடத்தேரை என்று சொல்வோமே, அதே மரம்தான். கங்கு நின்று எரியும், சூடு கடுமை. குளிர்காலத்து இரவுக்குத் தங்கம், முதல் தீக்கு வில்லன். பிராய்க்கு, அதாவது வெளியில் இறைச்சி சுடுவதற்கு, வாங்கிய கரிக்கட்டியும் வேண்டாம்: சுடர் இல்லாமல் தட்டின் ஒரே இடத்தில் சூட்டைக் குவிக்கும், குழாய் ஆறியபின்னும் கார்பன் மோனாக்சைடு விட்டுக்கொண்டே இருக்கும். வேலிக்கம்பம், மேடை பலகை என்று மிஞ்சிய பச்சைச் சாயம் படிந்த கட்டையில் ஆர்செனிக் கலந்த மருந்து ஏற்றியிருக்கும். அதன் புகையும் சாம்பலும் நஞ்சு. பாரஃபின் (மண்ணெண்ணெய்) ஊற்றிக் கொளுத்துகிற பழக்கத்தை வாசற்படிக்கு வெளியே விட்டுவிடுங்கள்.

பெட்ரோல் பங்க்கில் வலைப்பையில் விற்கும் விறகு உலர்ந்தது என்று எழுதியிருந்தாலும் ஒன்றைப் பிளந்து, புதிதாகத் தெரியும் உள்முகத்தில் ஈரமானியைக் குத்திப் பாருங்கள். 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். வெளிமுகத்தில் குத்தினால் எல்லா விறகும் காய்ந்ததாகத்தான் காட்டும்.

சுள்ளியை அடியில் வைத்து மேலே விறகு அடுக்குவதா, விறகை அடியில் வைத்து மேலே சுள்ளி மூட்டுவதா? பழக்கும்போது மேலிருந்து கீழாக எரிவதே வசதி. தீ மெல்ல இறங்குவதால் சூடும் மெல்ல ஏறும். அதோடு, குளிர்ந்த குழாய் முதலிலேயே சூடாகிப் புகையை இழுக்கத் தொடங்கிவிடும். ஜோகன்னஸ்பர்க் சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு, குழாயின் இழுப்பும் அந்த அளவுக்குக் குறையும். டர்பனில் ஒழுங்காக இழுக்கும் உயரமுள்ள குழாய் அங்கே முதல் ஐந்து நிமிடம் வீட்டுக்குள் புகையைத் தள்ளலாம். விறகு மூட்டும் முன் ஒரு தாளைச் சுருட்டிக் குழாய் வாயருகே எரித்துவிட்டால் காற்று மேல்நோக்கித் திரும்பும். நடுப்பகலில் வெளியே அறையைவிட வெப்பமாக இருக்கும்போது இழுப்பு இன்னும் மோசம், அதனால்தான் காலையில் தொடங்கச் சொல்கிறோம்.

ஜன்னலைத் திறந்துவைக்க வேண்டும், ஆனால் சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடக் கூடாது. அது வீட்டுக் காற்றை உறிஞ்ச, அந்த இடத்தை நிரப்பப் புகைக்குழாய் வழியாகவே காற்று இறங்கும், கூடவே புகையும். காற்று அடிக்கும் பக்கத்து ஜன்னல் ஒன்றும் எதிர்ப்பக்கம் ஒன்றும் திறந்தால் போதும். கைக்குழந்தை, கர்ப்பிணி, ஆஸ்துமாக்காரர் அன்றைக்குப் பெரியம்மா வீட்டுக்குப் போகட்டும். கூண்டுக் கிளியையும் கட்டாயம் அனுப்புங்கள். பறவைகள் இந்தப் புகையை நம்மைப் போலத் தாங்காது.

எது கோளாறு, எது கோளாறில்லை

டிங், டிக் என்று உலோகம் சத்தம் போடுவது நீள்வதும் சுருங்குவதும்தான். ஓங்கி ஒரு வெடிச்சத்தம் கேட்டால் விறகு போடுவதை நிறுத்தி, ஆறியபின் செங்கல்லையும் வார்ப்பையும் டார்ச் அடித்துப் பாருங்கள். செங்கல்லில் மயிரிழை வெடிப்பு வந்தாலும் துண்டு இடத்தில் நிற்கும் வரை பயன்படுத்தலாம். வார்ப்புத் தகட்டில் வெடிப்பு வந்தால் பழக்குவதை அத்தோடு நிறுத்திவிட்டு விற்றவரைக் கூப்பிடுங்கள்.

கண்ணாடியில் வெள்ளையாகப் படலம் படிவது பெயிண்ட் ஆவி. அடுப்பு ஆறியபிறகு ஈரத் துணியைச் சாம்பலில் தொட்டுத் துடைத்தால் போய்விடும். துடைக்காமல் அடுத்த தீயைப் போட்டால் சுட்டு ஒட்டிக்கொள்ளும். துருப்பிடிக்காத எஃகுக் குழாய் பொன்னிறமாகவும் நீலமாகவும் மாறுவது சூட்டின் இயல்பு, தேய்த்தாலும் போகாது. மேல்தட்டில் பெயிண்ட் சாம்பல் வெள்ளையாக வெளுத்தால் அந்த இடம் அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கிறது. பெரும்பாலும் சாம்பல் கதவு சரியாகச் சாத்தாமல் அடியிலிருந்து காற்று பாய்ந்ததே காரணமாக இருக்கும்.

குழாய் இணைப்பில் பழுப்புத் தண்ணீர் வழிந்தால் இரண்டில் ஒன்று: விறகு ஈரம், அல்லது குழாய்த் துண்டுகளைத் தலைகீழாக மாட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு மேல்துண்டின் ஒடுங்கிய முனையும் கீழ்த்துண்டுக்குள் இறங்கியிருக்க வேண்டும். அப்போதுதான் வழிவது உள்ளேயே ஓடி அடுப்பில் விழும். பொருத்தியவரைத் திரும்பக் கூப்பிட இது போதுமான காரணம்.

கடைசிச் சூடான தீயின்போது குழாய்க்கு அருகில் உள்ள மரச்சட்டம், கூரை பலகை, திரைச்சீலைக் கம்பி எல்லாவற்றிலும் கை வைத்துப் பாருங்கள். கை தாங்காத சூடு இருந்தால் இடைவெளி போதாது. ஒற்றைச் சுவர்க் குழாய்க்கும் எரியக்கூடிய பொருளுக்கும் இடையே குழாய் விட்டத்தின் மூன்று மடங்கு, அதாவது 150 மி.மீ. குழாய்க்கு 450 மி.மீ., விடுவது வழக்கம். கார்பன் மோனாக்சைடு அலாரத்தை முதல் தீக்கு முன்பே மாட்டிவிடுங்கள்.

பழக்கி முடிந்த முதல் சில வாரங்களில் கதவுக் கயிறு அமுங்கும். ஒரு தாள் துண்டைக் கதவிடுக்கில் வைத்துத் தாழிட்டு இழுத்துப் பாருங்கள். நாலு பக்கமும் இறுக்கம் தெரிய வேண்டும். சுலபமாக உருவிக்கொண்டு வந்தால் தாழ்ப்பாளின் திருகை ஒரு சுற்று இறுக்குங்கள். சாம்பலை ஒட்டச் சுரண்டி அள்ளாமல் இரண்டு சென்டிமீட்டர் அடியில் விட்டுவையுங்கள். அடுத்த தீக்குக் கங்கு நின்று பிடிக்க அது உதவும், தட்டும் நேரடிச் சூட்டிலிருந்து தப்பும்.